வேனில் வைத்து டூல்ஸ் விற்பது: வேலூர், ராணிப்பேட்டை பக்கம் எந்த பிராண்ட், என்ன சரக்கு?

பாலாறு_காட்பாடி:

அண்ணன்மாருக்கு வணக்கம். பின்னாடி மூடின பாடி கட்டின மினி லோடு வண்டி தயாரா இருக்கு. சரக்குக்கு 4 லட்சம் ஒதுக்கியிருக்கேன். ஒர்க்ஷாப் ஒர்க்ஷாப்பா போய் ஸ்பேனர், சாக்கெட், பிளேயர், ராட்செட் விக்கணும். திங்கள், வியாழன் சத்துவாச்சாரி, ஆற்காடு, ராணிப்பேட்டை, வாலாஜா. செவ்வாய், வெள்ளி பள்ளிகொண்டா, குடியாத்தம், ஆம்பூர். புதன், சனி வேலூர் டவுனும் காட்பாடியும்.

எந்த பிராண்ட் எவ்வளவு எடுக்கணும்? செட்டா எடுக்கிறதா, லூஸாவா? உடைஞ்ச டூலை மாத்திக் கேட்டா என்ன பண்றது? தவணை குடுக்கலாமா? பில், சரக்கு ஏத்திட்டுப் போக ஆன்லைன்ல எடுக்கிற இ-வே பில் விஷயம் எப்படி? சித்தூர் பக்கத்துலதானே இருக்கு, அங்கேயும் போகலாமா?

ரிங்ஸ்பேனர்_ஆற்காடு:

தம்பி, செட்டா வாங்கி அடுக்காதே. 6-7 எம்.எம்.ல ஆரம்பிச்சு 30-32 வரைக்கும் போற 12 ஸ்பேனர் செட்டு பார்க்க அழகா இருக்கும். ஆனா வேலையில இருக்கிற மெக்கானிக் ஒவ்வொருத்தர்கிட்டயும் ஒரு செட்டு ஏற்கெனவே இருக்கு. அதுல ரெண்டோ மூணோதான் காணாம போயிருக்கும், இல்ல தேஞ்சிருக்கும். அந்த ரெண்டு மூணைத்தான் உன்கிட்ட கேப்பாங்க. 8, 10 சைஸ் தொலையும். சின்னது, இன்ஜினுக்குள்ள விழுந்தா தேடக்கூட மாட்டாங்க. 12-13, 14-15ல வாய் விரியும். 17, 19 தேயும். 25-28, 30-32 எல்லாம் வருஷக்கணக்கா அப்படியே கிடக்கும். அதனால லூஸா எடு. 10-11, 12-13 தலா பத்து எடுத்தா 30-32 ரெண்டு போதும்.

பிராண்ட் விஷயத்துக்கு வர்றேன். தினசரி ஓட்டத்துக்கு டபாரியாதான் அச்சாணி. ரிங், டபுள் எண்ட், கட்டிங் பிளேயர், திருப்புளி, ஆலன் கீ இதுலேயே பாதி பணத்தைப் போடு. ஈஸ்ட்மேன், ஸ்டான்லி கொஞ்சம் பக்கத்துல வெச்சுக்கோ. கிரீஸ் கன், ஆயில் கேன், புல்லர் மாதிரி ஐட்டத்துக்கு குரோஸ் நம்பி எடுக்கலாம். சாக்கெட், ராட்செட் தரமா கேக்கிறவங்களுக்கு தைவான் சரக்கு, கிங் டோனியோ டாப்டுல்லோ, ரேட்டுக்கும் உழைப்புக்கும் நடுவுல நிக்கும். நிபெக்ஸ் வாட்டர் பம்ப் பிளேயர் ரெண்டு வெச்சிரு. கார் ஏ.சி. வேலை பண்றவங்க ஒரு தடவை கையில பிடிச்சுப் பார்த்தா அடுத்த மாசம் தேடி வருவாங்க. கோக்கன், கே.டி.சி., ஸ்டால்வில்லே, ஹாசெட் மாதிரி விலை கூடின வெளிநாட்டு பிராண்ட் எல்லாம் வண்டியில அடுக்காதே, ஆர்டர் வந்து முன்பணம் கையில வாங்கின பிறகு வரவழைச்சுக் குடு.

ஸ்னாப்-ஆன், மேக், மேட்கோ மாதிரி வேன் வியாபாரத்தைப் பத்தி நெட்ல நிறைய பார்த்திருப்பே. அமெரிக்காவுல அது ஃப்ரான்சைஸ் முறை. கம்பெனியே ரூட்டு ஒதுக்கும், டீலர் வாராவாரம் அதே ஒர்க்ஷாப்புக்குப் போவார், தவணையும் குடுப்பார். இந்தப் பக்கம் அந்த முறை பழக்கத்துல இல்ல. நீ பல கம்பெனி சரக்கை ஒரே வண்டியில வெச்சு விக்கிற கடைக்காரன், கடைக்குச் சக்கரம் இருக்கு, அவ்வளவுதான். அதனால பிராண்டை எடுக்கறதுக்கு முன்னாடி சென்னை பாரிமுனை டீலர்கிட்ட ஒரே ஒரு கேள்வி கேளு: "உடைஞ்ச பீஸைக் கொண்டாந்தா எத்தனை நாள்ல மாத்தித் தருவீங்க?" ஒரு வாரத்துக்குள்ளன்னு சொல்ற டீலர் ரெண்டு ரூபா கூட சொன்னாலும் அவர்கிட்டயே எடு.

பைக் ஒர்க்ஷாப்புக்கு இன்னொண்ணு. ஸ்பார்க் பிளக் பைப் ஸ்பேனர்ல 16, 18, 21 மூணும் வேணும். 10 எம்.எம். மரை பிளக்குக்கு 16, 12 எம்.எம். மரைக்கு 18, 14 எம்.எம். மரைக்கு 21. ஜப்பான் டிசைன் வண்டியில பிரேக் ஆயில் கப் மூடி, கார்ப்பரேட்டர் ஸ்க்ரூ எல்லாம் பார்க்க சாதாரண ஸ்டார் மாதிரியே இருக்கும். ஆனா ஜே.ஐ.எஸ்.ங்கிற ஜப்பான் தர வகை. தலையில ஒரு சின்னப் புள்ளி இருந்தா அதுதான். அதுல சாதா பிலிப்ஸ் முனையைப் போட்டா அடி வரைக்கும் உக்காராது, மேல ஏறி வந்து ஸ்க்ரூ தலையைக் கெடுத்துடும். வெசல் ஜே.ஐ.எஸ். திருப்புளி 2-ம் நம்பர் நாலஞ்சு எடுத்துட்டுப் போய், ஒரு ஸ்க்ரூவில ரெண்டு முனையையும் மாத்தி மாத்தி உக்கார வெச்சுக் காட்டு. வேற பேச்சே தேவைப்படாது.

லாரி_ஒர்க்ஷாப்_வாலாஜா:

மேலே சொன்னது பைக்குக்கும் காருக்கும் சரி. ஹைவே ஓரம் லாரி ஒர்க்ஷாப்புல கதை வேற. இங்க அரை இன்ச் டிரைவ் (சாக்கெட்டைச் சொருகுற சதுர முனை) போதாது, முக்கால் இன்ச் வேணும். வீல் நட்டு பெரும்பாலும் 32, 33. அடிச்சு அடிச்சு நட்டைச் சுத்தற இம்பாக்ட் கன்னுக்கு குரோம் சாக்கெட்டை யாருக்கும் விக்காதீங்க தம்பி. பளபளன்னு இருக்கிற குரோம் வனேடியம் சாக்கெட் கையால சுத்தறதுக்கு. கன்னோட தொடர் அடியில சுவர் வெடிச்சு முகத்துல தெறிக்கும். கறுப்பா, சுவர் தடிமனா இருக்கிற குரோம் மாலிப்டினம் இம்பாக்ட் சாக்கெட்தான் குடுக்கணும். அதுவும் ஆறு முனை. பன்னெண்டு முனை சாக்கெட் நட்டோட மூலையை மட்டும்தான் பிடிக்கும். துருப்பிடிச்ச வீல் நட்டுல ரெண்டு தடவை போட்டா நட்டு மழுங்கிடும்.

மாத்திக் குடுக்கிறது பத்திக் கேட்டீங்க. உடைஞ்ச இடத்தை வெயில்ல வெச்சுப் பாருங்க, டூலே சொல்லிடும். உடைஞ்ச முகம் முழுக்க ஒரே சாம்பல் நிறம், சர்க்கரை மாதிரி பொடி மணியா, புதுசா மின்னுதுன்னா பெரும்பாலும் தாங்கறதுக்கு மேல பாரம் போட்டிருக்காங்க. முகத்துல ஒரு ஓரம் மட்டும் கறுத்தோ துருவேறியோ இருந்து, மிச்சம் மட்டும் புதுசா மின்னினா, அந்தக் கீறல் முன்னாடியே இருந்திருக்கு. அந்தக் கறுப்பு இரும்பைக் காய்ச்சி அடிச்சு உருவாக்கும்போதே வந்த மடிப்பா இருக்கலாம், அதைத் தயங்காம மாத்திக் குடுக்கலாம். ஸ்பேனர் தண்டுல சுத்தியல் தழும்பு இருந்தா அடிச்சிருக்காங்க. நீலமா, வைக்கோல் நிறமா சாயல் ஓடியிருந்தா கேஸ் வெச்சுக் காய்ச்சியிருக்காங்க, பதம் போயிடுச்சு. இது ரெண்டுக்கும் கம்பெனி மாத்தித் தராது.

ராட்செட்டுதான் அதிகமா திரும்பி வரும். காரணம் பைப்பு. ஒரு கணக்கு சொல்றேன். கால் மீட்டர் கைப்பிடியில 40 கிலோ அழுத்தினா முறுக்கு விசை சுமார் 100 நியூட்டன் மீட்டர். அதுலயே ஒரு மீட்டர் பைப்பைச் சொருகி 70 கிலோ ஆளு தொங்கினா சுமார் 690. ஏழு மடங்கு. உள்ள பல்சக்கரத்தைப் பிடிக்கிற கொக்கி, அதாவது பால் (pawl), ரெண்டு மூணு பல்லுலதான் உக்காந்திருக்கு, அது எப்படித் தாங்கும்? லூஸ் பண்றதுக்கு நீளமான டி-பார் இல்ல பிரேக்கர் பார், லூஸ் ஆன பிறகு கழட்டறதுக்கு ராட்செட். ராட்செட் விக்கும்போதே கூட ஒரு பிரேக்கர் பாரும் காட்டுங்க. விக்கவும் விக்கும், திரும்பி வர்றதும் குறையும்.

பல்லு எண்ணிக்கையும் சொல்லிக் குடுங்க. 24 பல்லுன்னா ஒரு சொடுக்குக்கு 15 டிகிரி, 36ன்னா 10, 72ன்னா 5. சந்துல வேலை பண்றவனுக்கு 72 வேணும். ஆனா பல்லு பொடிசா இருக்கிறதால மட்டமான இரும்புல செஞ்ச 72 சீக்கிரம் வழுக்கும். விலை கம்மியா கேட்டா 36 பல்லு நல்ல பிராண்டைக் குடுங்க.

ரிப்பேர் கிட் வெச்சிருங்க. பல்சக்கரம், பால், ஸ்பிரிங் மூணும் அதுல வரும். வண்டியிலேயே பின் தட்டைக் கழட்டி, டீசல்ல கழுவி, மாத்தி, ரெண்டு சொட்டு மெல்லிசான ஆயில் விட்டுக் குடுங்க. கிரீஸை அப்பாதீங்க. கெட்டியான கிரீஸ்ல பால் மெதுவா நகரும், ஸ்பிரிங் தள்ளறதுக்குள்ள பல்லு தாண்டிடும், கை வழுக்கி முட்டி கிழியும். பத்து நிமிஷ வேலை. இந்த வேலையைச் செஞ்சு குடுக்கிற ஆளை ஒர்க்ஷாப் விடாது.

குறிச்ச அளவுக்கு மட்டும் இறுக்கற டார்க் ரெஞ்ச் விக்கறதுன்னா ரெண்டு விஷயம் வாயால சொல்லாம குடுக்காதீங்க. அதுல நட்டைக் கழட்டக் கூடாது. வேலை முடிஞ்சதும் அளவைக் குறைஞ்சபட்ச கோட்டுக்குத் திருப்பி வைக்கணும், அதுக்குக் கீழேயும் போகக் கூடாது. ஸ்பிரிங் அழுத்தத்துலேயே கிடந்தா அளவு மாறிப் போகும். வருஷத்துக்கு ஒரு தடவை, இல்ல 5,000 தடவை சொடுக்கின பிறகு, எது முதல்ல வருதோ அப்போ அளவு சரிபார்க்கிற காலிபிரேஷனுக்கு அனுப்பணும்.

குடியாத்தம்_டிராக்டர்:

ஒண்ணு மட்டும் சேர்க்கிறேன். கிராமத்து டிராக்டர் ஒர்க்ஷாப்புக்கு இன்ச் ஸ்பேனர் இல்லாம போகாதீங்க. பழைய மாஸி ஃபெர்குசன் வண்டிகள்ல இன்ச் போல்ட் நிறைய இருக்கு. எம்.எம். ஸ்பேனரை வெச்சு ஒப்பேத்தித்தான் போல்ட் தலை எல்லாம் உருண்டை ஆகுது. எது ஒத்துப்போகும், எது போகாதுன்னு மனப்பாடமா வெச்சுக்கோங்க. 3/4 இன்ச்சுன்னா 19.05, அதுக்கு 19 சரியா உக்காரும். 5/8ன்னா 15.88, 16 போதும். 15/16ன்னா 23.81, 24 போடலாம். 1/2 இன்ச்சு 12.70. அதுக்கு 13 போட்டா ஆட்டம் இருக்கும், இறுக்கமான போல்ட்டுல மழுங்கும். 9/16 இன்ச்சு 14.29, 11/16 இன்ச்சு 17.46. இது ரெண்டுக்கும் எம்.எம்.ல பதிலே கிடையாது. அதனால இன்ச் செட்டு முழுசா வேண்டாம், 7/16, 1/2, 9/16, 11/16 ரிங் ஸ்பேனர் மட்டும் லூஸா வெச்சிருந்தா எங்க பக்கம் ஓடும்.

பாலாறு_காட்பாடி:

நன்றிண்ணா. போல்ட் கணக்கை அப்படியே நோட்டுல எழுதிக்கிட்டேன். ராணிப்பேட்டை தோல் தொழிற்சாலை மெயின்டனன்ஸ் ஆளுங்களும், ஆம்பூர் ஷூ கம்பெனி ஆளுங்களும் வாங்குவாங்களா? பில் விஷயம் யாராவது சொல்லுங்க.

ரிங்ஸ்பேனர்_ஆற்காடு:

ரெண்டு பேரும் வாங்குவாங்க, ஆனா வேற வேற சரக்கு. தோல் தொழிற்சாலையில உப்பு, சுண்ணாம்பு, சோடியம் சல்ஃபைடு ஈரம் எப்பவும் இருக்கும். கறுப்பு பாலிஷ் போட்ட டூல் மழைக்காலத்துல ஒரு மாசத்துலேயே துருவேறும். அவங்களுக்கு நல்ல குரோம் பூச்சு உள்ளது குடு. பூச்சுல எங்கயாவது கொப்புளம் இருக்கான்னு நகத்தால தடவிப் பாரு, இருந்தா அந்த பீஸை ஒதுக்கிடு. பைப் ரெஞ்ச் 14, 18 இன்ச் அங்க நல்லா போகும். ஷூ கம்பெனியில தையல் மிஷின் மெக்கானிக்தான் உன் ஆளு. ஆலன் கீ 1.5ல இருந்து 5 வரைக்கும், நுனி மெல்லிசான தட்டைத் திருப்புளி, கால் இன்ச் டிரைவ் சின்ன செட்டு. 1.5, 2, 2.5 சைஸ் ஆலன் கீ முனை சீக்கிரம் உருண்டுடும், அதை மட்டும் லூஸா இருபது முப்பது வெச்சுக்கோ.

வெள்ளிக்கிழமை ஆம்பூர் போகாதே. ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரத்துல அன்னைக்கு மத்தியானம் தொழுகை நேரம், பல கடை திறக்கவே மாட்டாங்க. அந்த ரூட்டை புதனுக்கு மாத்து. அதோட ஒரு ரூட்டுக்கு வாரம் ஒரு தடவை போதும். ரெண்டு தடவை போனா டீசல்தான் தீரும், தவணைக் காசு ரெண்டு தடவை வராது.

பில்புக்_ராணிப்பேட்டை:

வரி விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தமிழ்நாட்டுக்குள் சரக்கு மட்டும் விற்பவருக்கு ஆண்டு விற்பனை 40 லட்சம் தாண்டினால்தான் ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயம். ஆனால் கிறிஸ்டியான்பேட்டை தாண்டி சித்தூரில் ஒரு ஸ்பேனர் விற்றாலும் அது வெளிமாநில விற்பனை, அதற்கு 40 லட்சம் வரம்பு பொருந்தாது, பதிவு எடுத்தே ஆகவேண்டும். காம்போசிஷன் என்ற எளிய ஜி.எஸ்.டி. முறையில் வியாபாரி தன் விற்பனை மீது 1 சதவீதம் கட்டினால் போதும், கணக்கும் எளிது. ஆனால் அதிலும் வெளிமாநிலத்துக்கு விற்கக் கூடாது. பில்லில் வரி வசூலிக்கவும் கூடாது. உங்களிடம் வாங்கும் கம்பெனி சர்வீஸ் சென்டருக்கும் பெரிய ஒர்க்ஷாப்புக்கும் உள்ளீட்டு வரி (வாங்கும்போது கொடுத்த வரியைக் கழித்துக்கொள்ளும் வசதி) கிடைக்காது என்பதால் அவர்கள் வாங்கத் தயங்குவார்கள். தெருவோர ஒர்க்ஷாப்புகள் மட்டும் என்றால் காம்போசிஷன் போதும். ஷூ கம்பெனி, தோல் கம்பெனிகளுக்கு விற்கப் போகிறீர்கள் என்றால் முழுப் பதிவு எடுங்கள். சித்தூரை முதல் வருடம் மறந்துவிடுவது நல்லது.

பில்லில் போடும் எச்.எஸ்.என். பொருள் குறியீடு: ஸ்பேனர், சாக்கெட் எல்லாம் 8204, பிளேயர் 8203, சுத்தியல், திருப்புளி 8205, கலந்த செட் 8206. எல்லாவற்றுக்கும் ஜி.எஸ்.டி. 18 சதவீதம்.

வண்டியில் சரக்கு ஏறும்போது யார் என்ன வாங்குவார் என்று தெரியாது. அதனால் காலையில் டெலிவரி சலான் மூன்று பிரதி போட்டு ஒன்றை வண்டியில் வையுங்கள், விற்ற இடத்தில் பில் போடுங்கள். மாநிலத்துக்குள் சரக்கு மதிப்பு 1 லட்சம் தாண்டினால் இ-வே பில் வேண்டும். இ-வே பில் இணையதளத்தில் 'லைன் சேல்ஸ்' என்றே ஒரு வகை இருக்கிறது, அதைத் தேர்ந்தெடுங்கள். 200 கிலோமீட்டர் வரை அந்த பில் ஒரு நாள் செல்லுபடியாகும். பதிவு இல்லாமல் தொடங்கினாலும் வாங்கிய பில்களின் நகல் வண்டியில் இருக்கட்டும்.

மொத்த எடை 3,000 கிலோவுக்குள் இருக்கும் சரக்கு வண்டிக்கு பெர்மிட் தேவையில்லை. எஃப்.சி. (வண்டியின் தகுதிச் சான்று), இன்சூரன்ஸ் கட்டாயம். வண்டி இன்சூரன்ஸ் உள்ளே இருக்கும் சரக்கைக் காப்பாற்றாது, திருட்டுக்கும் தீ விபத்துக்கும் தனியாக ஒரு பாலிசி எடுக்க வேண்டும். பாக்கெட்டில் அச்சடித்த எம்.ஆர்.பி.க்கு மேல் ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது. எம்.ஆர்.பி., மாதம், வருடம், தயாரிப்பாளர் முகவரி இல்லாத பாக்கெட்டைச் சல்லிசாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். போலி பெரும்பாலும் அப்படித்தான் வரும்.

வாரநோட்டு_வேலூர்:

தவணையில்தான் இந்த வியாபாரம் நிற்பதும் விழுவதும். கணக்கைப் போட்டே பாருங்கள். ஒரு நாளைக்கு 90 கிலோமீட்டர், லிட்டருக்கு 15 ஓடினால் டீசல் 6 லிட்டர். அதோடு வண்டித் தேய்மானம், டீ, சாப்பாடு, போன் எல்லாம் சேர்த்து 1,200 என்று வையுங்கள். உங்கள் கூலி 1,000. ஆக 2,200. கையில் நிற்கும் லாபம் 18 சதவீதம் என்றால் தினமும் சுமார் 12,200க்கு விற்றாக வேண்டும். வாரம் ஆறு நாள், 73,000.

மூன்றில் ஒரு பங்கு கையில் வாங்கி, மிச்சத்தை நாலு வாரத் தவணையாகக் கொடுத்தால் வாரம் சுமார் 49,000 கடன் நோட்டுக்குப் போகிறது. ஒவ்வொரு வாரமும் கால் பங்கு திரும்பி வரும். சுழற்சி நிலைக்கு வந்த பிறகு எந்த நேரமும் சுமார் 1.2 லட்சம் வெளியே நிற்கும். இதே ஆட்கள் எட்டு வாரம் இழுத்தால் 2.2 லட்சம். உங்கள் 4 லட்சத்தில் பாதிக்கு மேல் மற்றவர் கைக்குப் போய்விடும், வண்டியில் 10 நம்பர் ஸ்பேனர்கூட இருக்காது. அதனால் முதலில் 2.5 லட்சத்துக்குத்தான் சரக்கு எடுங்கள், மிச்சம் சுழற்சிக்கு.

ஒர்க்ஷாப் முதலாளிக்கு ஒரு பக்கம், அங்கே வேலை பார்க்கும் பையனுக்குத் தனிப் பக்கம். பையன் வேறு ஒர்க்ஷாப்புக்கு மாறினால் முதலாளி அந்தப் பாக்கியை ஏற்கமாட்டார். அதனால் பையன்களுக்கு 1,500க்கு மேல் நிலுவை வைக்க வேண்டாம். ஒவ்வொரு பக்கத்திலும் தேதி, பொருள், மொத்தம், வரவு, பாக்கி எழுதி அவர்களையே கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். ஜிபேயில் வந்தாலும் நோட்டில் ஏற்றுங்கள். இரண்டு வாரம் தொடர்ந்து தவணை தவறினால் மூன்றாவது வாரம் புதுச் சரக்கு கிடையாது. ஆனால் அந்த ஒர்க்ஷாப்புக்குப் போவதை நிறுத்தாதீர்கள். போகாத வாரம் பாக்கி மறந்துபோகும். கூலி சனிக்கிழமைதான் கைக்கு வரும் ஒர்க்ஷாப்பாக இருந்தால் சனி சாயங்காலம் ரூட்டில் வையுங்கள், திங்கள் காலையில் போனால் பை காலி.

பாலாறு_காட்பாடி:

இவ்வளவு விவரமா சொல்வீங்கன்னு நினைக்கல. கடைசியா ஒண்ணு: மாத்திக் குடுக்க வாங்கின உடைஞ்ச பீஸுங்களை டீலர்கிட்ட போற வரைக்கும் எப்படி வைக்கிறது?

லாரி_ஒர்க்ஷாப்_வாலாஜா:

தனியா ஒரு தகர டப்பா. ஒவ்வொரு பீஸுலயும் நூலால ஒரு அட்டை கட்டி ஒர்க்ஷாப் பேரு, தேதி, எந்த போல்ட்டுல உடைஞ்சதுன்னு எழுதுங்க. உடைஞ்ச முகத்துல ஆயில் படக்கூடாது, பட்டா நிறம் மாறும், டீலர் ஒத்துக்க மாட்டார். ரெண்டு துண்டையும் ஒட்ட வெச்சுப் பார்க்காதீங்க, மணி நசுங்கிடும். டெலிவரி சலான்ல அதைப் புதுச் சரக்கோட கலக்காம தனியா எழுதுங்க. 10, 12, 13, 14, 17 ரிங் ஸ்பேனர் தலா ரெண்டும் அரை இன்ச் ராட்செட் ஒண்ணும் விக்காம மாத்தறதுக்குன்னே ஒதுக்கி வெச்சிருங்க. கையோட மாத்திக் குடுத்துட்டு, டீலர்கிட்ட உங்க கணக்கை நீங்க பார்த்துக்கலாம்.